ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ

ஜூலை 14, திங்கள்

காலையில் தூறல். ஏழு மணிக்குள் நின்றுவிட்டது. ஸ்கூல் வேன் முதல் டிரிப், பதினோரு பிள்ளைகள். இறக்கிவிட்டுப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஒரு குடை, ஒரு ஷூ. இடது கால் மட்டும். ஒற்றை ஷூவோடு எந்தப் பிள்ளை வகுப்புக்குப் போயிற்றோ.

பத்து மணிக்கு பஸ்ஸை எடைமேடைக்குக் கொண்டுபோனேன். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் தயாளன். மறைமலைநகர் ஷெட்டில் இதை வீடாக மாற்றிக் கொடுத்தவர். கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கிய பழைய வண்டி இது. சீட்டெல்லாம் பிடுங்கியாயிற்று. இப்போது கட்டில் இரண்டு, சமையல் மேடை, பின்னால் பாத்ரூம். புது எடையை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிந்தால்தான் ஆர்.சி. புக்கில் மோட்டார் கேரவன் என்று மாற்றுவார்கள்.

முன்னால் ஆறு ஜல்லி லாரி. எங்கள் முறை வந்ததும் எடைமேடைக்காரர் ஜன்னலில் இருந்து கேட்டார்.

"காலியா, லோடா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்டி ஒரு பட்டனே இல்லியேம்மா. மெட்டீரியல் இன்னா போடறது? ஜல்லியா, எம்சாண்டா?"

தயாளன் சும்மா இருக்காமல், "வூடுன்னு போடு அண்ணாத்த" என்றார். அவரும் போட்டே விட்டார். சீட்டில் அச்சாகி வந்தது.

பலகையில் சிவப்பாக 7480. தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய ஆர்.சி.யில் இருப்பது 7200. ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் போகக் கூடாது.

"நீ எறங்குக்கா. ஆள் இல்லாம இன்னா வருதுன்னு பாக்கலாம்."

இறங்கினேன். 7420. பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கக்கேடு. நடு ரோட்டில் என் எடை அறுபது என்று சிவப்பு விளக்கில். (பத்துப் பத்தாகத்தான் காட்டுமாம். நிஜத்தில் அறுபத்திரண்டு. இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்.) தயாளனும் இறங்கினார். 7340.

சீட்டைப் படமெடுத்து என் வீட்டுக்காரர் ஜமாலுக்கு அனுப்பினேன். சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிற மனிதர், எடைமேடை அவருக்குத் தினப்படி. மத்தியானம் பதில் வந்தது: "உள்ளே இன்னா வெச்சிகினு கீறே பரீதா, யானையா?" கூடவே சிரிக்கிற பொம்மை ஐந்து.

பொம்மை போதாது. அந்தச் சிரிப்பைக் காதால் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். இரண்டு டிரிப்புக்கு நடுவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து உள்ளே இருப்பதை எழுதினேன்.

கடப்பைக் கல் சமையல் மேடை, ஆறடி. கீழே இரண்டு தட்டு, அதுவும் கல்.
இரும்பு பீரோ, கண்ணாடி வைத்தது.
தேக்குக் கட்டில் இரண்டு. என்னுடையதில் இழுப்பறை நாலு.
எவர்சில்வர் பாத்திரம் ஒரு டிரங்குப் பெட்டி.
கிரைண்டர்.
தண்ணீர் டேங்க்.
கேஸ் அடுப்பு, மெத்தை, மற்ற சில்லறை.

ஒவ்வொன்றும் நான் தூக்கிப் பார்த்து வாங்கியது. பாத்திரக் கடையில் குண்டானைக் கையில் தூக்கி, நல்ல வெயிட்டு என்று தோன்றினால்தான் என் வீட்டுக்கு வரும். லேசாக இருந்தால் ஏமாற்றுச் சரக்கு. ஊரில் எல்லாரும் அப்படித்தானே. மகள் நிஷாவுக்கு வந்த முதல் மாப்பிள்ளையைக்கூட "லேசா கீறான்" என்றுதான் வேண்டாம் என்றேன். பஸ்ஸுக்கும் அதே கண். தயாளன் அலுமினியத் தகடு கொண்டுவந்து காட்டினார், தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். கல் மேடை இல்லாமல் ஒரு சமையலறையா என்று சண்டை வேறு. பஸ் ஓடுகிற சாமான் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. வேன் ஓட்டிப் பிழைக்கிறவள், எனக்கு.

ஜ. கேட்டது ஒன்றே ஒன்று. "என் கட்டிலுக்கு மேலே இன்னொரு கட்டில் கூடாது." தம்மாம் போன நாளிலிருந்து எட்டுப் பேர் அறை. அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு. மேலே படுப்பவர் புரண்டால் இவர் முகத்தில் தூசி. போன லீவில் திருவிடந்தை கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், "கண்ணத் தொறந்தா மேலே ஒண்ணுமே இருக்கக் கூடாது பரீதா."

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். லீவு லீவாகக் கூட்டினால் சேர்ந்து இருந்தது இரண்டு வருஷமும் இரண்டு மாசமும். வீடு முடியட்டும் என்றார். முடிந்தது. நிஷா கல்யாணம் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்து அவள் வாணியம்பாடி போய்விட்டாள். இப்போது, இரண்டு பேரும் ஊர் ஊராகப் போக இந்த பஸ்ஸின் ஆர்.சி. "போட்டோ அனுப்பு, அன்னிக்கே வேலைய விடறேன்னு லெட்டர் குடுத்துடறேன்."

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூலை 16, புதன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ். பிரேக் இன்ஸ்பெக்டர் புதியவர், இளவயது, சத்தம் போடாத மனிதர். எடைச் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"மெட்டீரியல், வூடு. இது என்னம்மா?"

தயாளன் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

சீட்டு செல்லாது. வண்டியைச் சரி செய்து மறுபடி எடை போட்டு வரவேண்டும். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். ஆள் இல்லாத வண்டியின் எடை, டேங்க்கில் தண்ணீரோடு. அதோடு எத்தனை பேர் படுக்க இடமோ, அத்தனை எழுபத்தைந்து கிலோ. கூட்டினால் 7200க்குள்.

"ஒல்லியா இருந்தாலும் எழுபத்தஞ்சா சார்?"

"ஒல்லியோ குண்டோ, ஆளுக்கு எழுபத்தஞ்சு. எத்தனை பேரும்மா?"

"ரெண்டு."

"அப்போ இருநூத்துத் தொண்ணூறு கிலோ குறைக்கணும்."

வரும் வழியில் மகேந்திரா சிட்டி தாண்டினதும் தயாளன், "நீ அன்னிக்கே அலுமினியத்துக்கு ஒத்துகினு இருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் ஹாரன் அடித்தேன். முன்னால் வண்டியே இல்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று ஆரம்பம். கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு மாடியில்.

ஜும்மா முடிந்து ஜ. போன். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. நாற்பத்தாறு டிகிரியாம். கல் மேடை விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லா? ஓடற பஸ்ல கடப்பைக் கல்லு வெச்சியா?"

சிரித்தார். அப்பாடா. மூச்சு வாங்கச் சிரித்தார், பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். இதற்காகவே இன்னும் இரண்டு கல் வைத்திருக்கலாம். பிறகு இருமல் வந்தது. ரொம்ப நேரம் இருமினார்.

"உங்க வெயிட்டு எவ்ளோ இப்போ?"

"அதே எழுபத்தெட்டுதான். ஏன்?"

"கவர்மெண்ட்டு கணக்குல நீங்க எழுபத்தஞ்சு. மூணு கிலோ கொறைங்க. மெஷின்ல ஏறி நின்னு போட்டோ அனுப்புங்க, அப்பதான் கட்டில்ல எடம்."

"சரி சரி" என்றார். என்ன சமைத்தாய் என்று கேட்டார். ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது? ரசம் என்றேன். பிரியாணி என்று சொல்லியிருக்கலாம், அவர் ஆசைப்பட்டிருப்பார்.

ஜூலை 19, சனி

கல்லை எடுத்தாயிற்று. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். பீரோவும் வீட்டுக்குத் திரும்பியது. டிரங்குப் பெட்டியில் தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு, ஒரு குண்டான், ஒரு தவா தவிர எல்லாம் வெளியே. கிரைண்டரும். கல் இருந்த இடத்தில் பிளைவுட், மேலே அந்த அலுமினியத் தகடு. தட்டிப் பார்த்தேன். தகர டப்பாதான். ஆனால் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்பதை தயாளனிடம் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பிரேக் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று கடற்கரைக்கு ஓட்டினேன். தனியாக. ஆடிக் கிருத்திகை என்பதே மறந்துபோயிற்று. திருப்போரூரில் ஒரு மணி நேரம் நகரவில்லை. காவடி, மொட்டை, ஐஸ் வண்டி. என் பஸ் இன்னும் வெளியே பார்க்க பஸ்தான். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு கை காட்டினார்கள். நெம்மேலி ரோட்டில் இரண்டு பூக்காரப் பெண்கள் கதவைத் தட்டினார்கள்.

"கோவளம் போவுமா?"

"திருவிடந்தை வரைக்கும் போவும். டிக்கெட் இல்ல, ஏறுங்க."

ஏறியதும் ஒருத்தி, "இன்னாடி இது, வூடு மாரி கீது" என்று நேரே ஜ.வின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டி ஆட்டிப் பார்த்து, "நல்ல வெயிட்டு கட்டிலு" என்றாள். எழுந்திரு என்று சொல்ல வாய் வந்தது. அவருக்கென்று போட்ட கட்டிலில் முதலில் உட்கார்ந்தது யாரோ. கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பாவம், இறங்கும்போது இரண்டு முழம் கதம்பம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெருமாள் கோயில் வாசலில் மாலையோடு ஒரே கூட்டம். கல்யாணம் ஆக வேண்டும் என்று வருகிறவர்கள். கல்யாணம் ஆனவர்கள் ஒரே ஊரில் இருப்பதற்கு எங்கே போய் வேண்டுவது என்று தெரியவில்லை.

சவுக்குத் தோப்பு ஓரம் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் மணல் உள்ளே அடித்தது. டீ போட்டேன், இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன். ஜ.வின் கட்டிலில் படுத்து மேலே பார்த்தேன். வெள்ளைத் தகடு, நாலு ஸ்க்ரூ. வேறு ஒன்றும் இல்லை. அவர் கேட்டது இதுதான். கடல் சத்தம் நன்றாகக் கேட்கிறது. நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன், கேட்க ஆள் இல்லாத தைரியத்தில்.

ஜூலை 22, செவ்வாய்

அதே எடைமேடை. இந்த முறை "காலி" என்று போடச் சொன்னேன். எடைமேடைக்காரருக்கு வருத்தம்தான். 7120.

நேரே இன்ஸ்பெக்டரிடம். கூட்டினார். ஒருவர் என்றால் 7195. பாஸ். இரண்டு பேர் என்றால் 7270. எழுபது கிலோ அதிகம்.

"ஒருத்தர்னு எழுதிக் குடுங்கம்மா. ஒரு கட்டிலை எடுத்துட்டா இன்னைக்கே முடிச்சுடலாம். பின்னால வேணும்னா மாத்திக்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். யோசித்தேன், பொய் சொல்லவில்லை. இன்றே ஆர்.சி. என்றால் இன்றே ஜ.வுக்குப் போட்டோ. இன்றே லெட்டர். ஆனால் அந்தப் போட்டோவில் ஒருவர் என்று இருக்கும். இடம் இல்லாத வண்டிக்கு வா என்று எப்படிக் கூப்பிடுவது?

"அடுக்குக் கட்டிலா போட்டுடலாம்க்கா, பைப்புல. லேசா இருக்கும்" என்றார் தயாளன். கூடாது என்றேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஜ.விடமிருந்து போட்டோ. எடை மெஷின் மேல் இரண்டு கால். இடது கட்டைவிரல் நகம் பிளந்தது, அவர் கால்தான். ஆனால் கணுக்கால் எலும்பு இவ்வளவு துருத்திக்கொண்டு இருக்காது.

63.

மெஷின் கோளாறு என்று எழுதியிருந்தார்.

பதினைந்து கிலோ. நான் இங்கே கல்லையும் பீரோவையும் இறக்கிக்கொண்டிருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். இரண்டாவது டிரிப்புக்கு பத்து நிமிஷம் லேட்.

ஜூலை 25, வெள்ளி

புழுக்கம். காற்றும் இல்லை.

அவர் கூப்பிடும் முன்பே நான் போன் செய்தேன்.

"மெஷின் கோளாறா?"

இருமினார். பிறகு சொன்னார். மூன்று மாசமாகச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் பார்த்தாராம், வியாதி ஒன்றும் இல்லையாம். வெயில். மெஸ் சோறு. தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லையாம்.

"அப்போ கெளம்பி வாங்க. ஆர்.சி.யும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

"பரீதா, நான் சைன் பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம். போன மாசமே."

போன மாசமே. ஆர்.சி. போட்டோ அனுப்பு, ஆர்.சி. போட்டோ அனுப்பு என்று கேட்டுக்கொண்டே.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப்போவதில்லை. கடைசியில் அவர் சின்னக் குரலில்:

"லீவு ரெண்டு மாசம்னா எனக்கு நல்லா தெரியும். மொத நாளு பிரியாணி, சொந்தக்காரங்க வூடு, பொட்டி கட்றது. மூணாவது மாசம் அங்க இன்னா பண்றதுன்னு தெரியாது. வூட்ல எப்டி இருக்கறதுன்னே தெரியாது. நீ ஒரு நாளு பாத்துட்டு, இவன் ஏன் வந்தான்னு நெனச்சுட்டா?"

இருபத்து நான்கு வருஷத்தில் இந்த மனிதர் இவ்வளவு உண்மையாக என்னிடம் பேசியதில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"விட முடியுமா, முடியாதா?"

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்தா வுடுவாங்க." பிறகு, "வண்டில எத்தன பேருன்னு எழுதப்போற?"

நான் வைத்துவிட்டேன். எனக்கே தெரியாததை அவரிடம் என்ன சொல்வது.

மூன்றாவது மாசம் எனக்கும்தான் தெரியாது. அவர் எத்தனை மணிக்கு எழுவார், மழைக்காலத்தில் கோபப்படுவாரா, ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் அவர் வந்ததே இல்லை.

ஜூலை 26, சனி

நிஷா போன். அத்தா அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டாராம். "ஒண்ணுன்னு எழுதிடும்மா, ரெண்டு வருஷம் வண்டி சும்மாவா நிக்கும்?" நியாயமாகத்தான் பேசுகிறாள். வைத்துவிடு, அரிசி களைய வேண்டும் என்றேன்.

ஷெட்டுக்குப் போனேன். தயாளனுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மாதிரியாகவே, "அப்போ பாய் கட்டிலக் கழட்டிடறேன்க்கா. அவர் வர்றப்போ பாத்துக்கலாம்" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவர் கட்டில் பக்கம் குனிந்தார்.

எனக்கு என்ன வந்ததோ.

"அத்தத் தொடாதீங்க. என்னுத எடுங்க."

"உன்னுதா? நீதானேக்கா வண்டில போவப்போற?"

"எடுங்கன்னா எடுங்க."

தேக்கு, பலகை, இழுப்பறை நாலு, எல்லாம் கழற்றி ஷெட் தராசில் வைத்தார். எண்பத்தைந்து. அந்த இடத்தில் பைப் கட்டில், நாடா போட்டது. ஒரு கையால் தூக்கினேன். பதினைந்து. என் வாழ்க்கையில் லேசு என்று பார்த்து வாங்கிய முதல் சாமான். படுத்தால் நடுவில் தொய்கிறது. பரவாயில்லை.

இரும்புச் சட்டியில் வத்தல் வறுத்தேன், தீய்ந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு எடைமேடை. 7050.

இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்த்தார். டேங்க், கேஸ், கட்டில் இரண்டு. பைப் கட்டிலை அழுத்திப் பார்த்தார். படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலி. பேனாவை என்னிடம் நீட்டினார்.

2 என்று எழுதினேன்.

"ரெண்டாவது ஆள் யாரும்மா?"

"வூட்டுக்காரரு."

"எங்கே இருக்கார்?"

"தம்மாம்ல."

அதற்கு மேல் கேட்கவில்லை. கூட்டினார். ஏழாயிரத்து ஐம்பதும் நூற்றைம்பதும், 7200. பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"சரியா நிக்குது. இனிமே ஒரு கிலோ கூட ஏத்த இடம் இல்லை, பார்த்துக்குங்க."

தலையாட்டினேன். வெளியே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மனக்கணக்கு போட்டேன். அவர் சொன்னது சரியில்லை. இடம் இருக்கிறது. ஜ.வுக்கு அனுப்பினேன்:

"ரெண்டு பேருன்னு எழுதிட்டேன். உங்களுக்கு எழுபத்தஞ்சு ஒதுக்கியாச்சு. நீங்க அறுவத்து மூணுதான். பன்னெண்டு கிலோ காலியா கீது. வந்து ரொப்புங்க."

இன்னும் பார்க்கவில்லை. இப்போது டிரெய்லரில் இருப்பார். மூன்றேகால் ஆகிவிட்டது, ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள்.